செயின்ட் ஒஸ்வால்டில் இரண்டு வருஷம்

"இந்த வருஷத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபடியே வால்டர் ஒரு பீர் பாட்டிலைத் திருமூர்த்தியின் முன்னால் வைத்தார்.

பாட்டிலின் லேபிளில் ஒரு பறவை. அதற்குக் கீழே 1128 என்று போட்டிருந்தது.

திருமூர்த்தி பாட்டிலையே பார்த்தான். இன்டர்வியூவில் பீர் வரும் என்று அவனை அனுப்பிவைத்த கன்சல்டன்சி முதலாளி நாகரத்தினம் சொல்லவே இல்லை. ஒய்டூகே பற்றிக் கேட்பார்கள், கோபோல் பற்றிக் கேட்பார்கள், இரண்டுக்கும் "யெஸ்" சொல் என்றுதான் சொல்லியிருந்தார். பாட்டிலுக்கு யெஸ் சொல்ல முடியாது.

(வால்டர் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். கதையின் வசதிக்காகத் தமிழ் பேச வைத்திருக்கிறது. தெரிந்தால் அவர் சந்தோஷப்படக்கூடியவர்.)

அது 1998-ன் கடைசி. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்துவிட்டதாக நினைத்துக் கலாட்டா செய்யும் என்று, அதற்கு ஒய்டூகே என்று பேரும் வைத்து, அமெரிக்காவே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புண்ணியத்தில், கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் பாஷையின் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்கத் தெரிந்த அத்தனை பேரும் விமானம் ஏறினார்கள். உடுமலைப்பேட்டைத் திருமூர்த்தியும் ஏறினான்.

அவனுக்கு நிஜமாகவே கோபோல் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு மில், சென்னையில் ஒரு வங்கி என்று ஆறு வருஷத்தில் நான்கு வருஷம் கோபோல் எழுதியவன். ஆனால் நாகரத்தினத்துக்கு நிஜம் போதாது.

"கிளையன்ட் என்ன கேக்கிறானோ அது ரெஸ்யூமேல இருக்கணும்ப்பா" என்றார் அவர். "இவன் பெல்ஜியத்துலேர்ந்து பீர் இம்போர்ட் பண்றவன். ரிக்வயர்மென்ட்ல 'செயின்ட் ஒஸ்வால்ட் ப்ரூவரி எக்ஸ்பீரியன்ஸ் இருந்தா நல்லது'ன்னு போட்டிருக்கான். அதனால நீ அங்க ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கே."

"எப்பங்க?"

"தொண்ணூத்தி மூணுலேர்ந்து தொண்ணூத்தி அஞ்சு வரைக்கும்."

"அப்ப நான் உடுமலையில குரூப் ஒன் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தனுங்க."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வால்டருக்குத் தெரியுமா? பெல்ஜியத்துக்கு எவன் போன் பண்ணி வெரிஃபை பண்ணப் போறான்!"

இப்படித்தான் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு, பார்க்காத ஊர்களில் பழைய மேஜைகள் இருக்கின்றன.

"பெல்ஜியத்துல இருந்தவனாச்சே நீ. சொல்லு" என்றார் வால்டர். அவர் மேஜையில் குடும்பப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொழுத்த சாம்பல் பூனையின் படம் இருந்தது. அதுவும் அவனையே பார்த்தது.

திருமூர்த்தி அதுவரை பீரைக் கையால் தொட்டதில்லை. பெல்ஜியத்தின் மேல் பறந்திருக்கலாம், அப்போது தூங்கியிருப்பான். ஆனால் வருஷங்கள் வேறு விஷயம். குரூப் ஒன் தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் தோற்றவன் அவன். கலெக்டர் ஆபீஸ் கிடைக்கவில்லையே தவிர, உருப்போட்ட வருஷம் ஒன்றுகூட மண்டையை விட்டுப் போகவில்லை. 1128 என்று கண்ணில் பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"விக்கிரம சோழன். சிதம்பரம் கோவிலுக்குப் பொன் வேய்ந்த வருஷம்."

"எங்கே?"

"தமிழ்நாட்டில், சார். அந்த வருஷம் வந்த கப்பமெல்லாம் அந்தத் திருப்பணிக்குத்தான் போனதாம்."

வால்டர் பாட்டிலை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அதே வருஷம் எங்க பெல்ஜியத்துல வெள்ளை அங்கி போட்ட துறவிகள் குளிர்ல நின்னு மடம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. உங்க பக்கம் ஒருத்தன் கூரைக்குத் தங்கம் போட்டிருக்கான். அந்தத் தங்கம் இப்பவும் இருக்கா?"

அரைமணி நேரம் சிதம்பரத்தைப் பற்றியே பேச்சு. செயின்ட் ஒஸ்வால்டைப் பற்றி வால்டர் இரண்டு தடவை கேட்கப் பார்த்தார். திருமூர்த்தி இரண்டு தடவையும் பயத்தில் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டான்.

"திங்கட்கிழமை வந்துடு" என்றார் வால்டர்.

மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் வீடு, பக்கத்திலேயே ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரமாக வால்டரின் கிடங்கும் ஆபீசும். ஊரில் காத்திருந்த மனைவி யாமினியும் வந்து சேர்ந்துவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், வெள்ளிக்கிழமை என்று ஒன்று இல்லாமலிருந்தால்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வால்டர் புதிதாக ஒரு பாட்டிலோடு வருவார். ஆபீசே கூடிவிடும். முன்மேஜையில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கும் டோரத்தி, பின்னல் ஊசியும் நூலுமாக வந்து நாற்காலி போட்டுக்கொள்வாள்.

"1240!" என்பார் வால்டர். "இந்த மடத்துல துறவிங்க பீர் காய்ச்ச ஆரம்பிச்ச வருஷம். உங்க பக்கம் என்ன, டிரு?" திருமூர்த்தி அவர் வாயில் டிரு ஆகிவிட்டான்.

"டெல்லி சிம்மாசனத்தில் உட்கார்ந்த ஒரே பெண், ரஸியா சுல்தானா. அந்த வருஷம்தான் கொன்றுவிட்டார்கள்."

டோரத்தி பின்னுவதை நிறுத்தி, "பாவம்" என்றாள்.

அடுத்த வாரம் 1366. லூவன் நகரத்து வரிக் கணக்கில் அந்த வருஷம் ஒரு பீர்க்கடையின் பெயர் இருக்கிறதாம், அதைத்தான் லேபிளில் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். திருமூர்த்தி விஜயநகரத்துக்குப் போனான். பாமனி சுல்தான் கச்சேரி கேட்டு மகிழ்ந்து, பாட்டுக்காரர்களுக்குச் சன்மானத்தைப் பக்கத்து விஜயநகர ராஜா புக்கரின் கஜானாவில் வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். புக்கர் சீட்டுக் கொண்டுவந்தவனைக் கழுதையில் ஏற்றி ஊர்வலம் விட்டார். அதிலே பெரிய யுத்தம் மூண்டது என்று பழைய சரித்திரக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

"அடுத்தவன் கஜானாவைக் காட்டிச் சம்பளம் கொடுக்கிறதா?" என்று வால்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிக்க என்ன இருக்கிறது என்று திருமூர்த்திக்குப் புரியவில்லை. நாகரத்தினம் அதைத்தானே தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறார்.

கதை வால்டருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வருஷத்தின் கதையையும் சின்ன அட்டையில் அச்சடித்து, பாட்டிலின் கழுத்தில் நூலால் கட்டிக் கடைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒரு பக்கம் பெல்ஜியத்தில் நடந்தது, மறுபக்கம் இந்தியாவில் நடந்தது. நம் ஆட்கள் நிறைந்த பக்கத்து ஊர் எடிசனின் கடைகளில் பாட்டில் பறந்தது. குடிக்காதவர்கள்கூட அட்டையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் 1445 வந்தது.

எந்த ஊரில் எந்தத் துறவி காய்ச்சினாரோ, அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் திருமூர்த்திக்குத் தலைக்குள் காலியாக இருந்தது. பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் விஜயநகரம் வந்தது 1443. இரண்டு வருஷம் தள்ளி வந்திருக்கக் கூடாதா மனுஷன்! ஆபீஸ் முழுவதும் அவன் வாயையே பார்த்தது. டோரத்தி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"1445-ல்..." என்று ஆரம்பித்தான். "எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைச் சந்தைக்கு ராஜாவின் யானை ஒன்று வந்தது. ஒரு வண்டி வெல்லத்தையும் தின்றுவிட்டு, நடக்க மாட்டேன் என்று மூன்று நாள் அங்கேயே படுத்துக்கொண்டது."

"அப்புறம்?"

"யானை எழுந்திருக்கும்வரை ஊருக்கு வரி கிடையாது என்று ராஜா சொல்லிவிட்டார். உடனே ஜனங்கள் யானைக்கு இன்னும் வெல்லம் கொடுத்தார்கள்."

கைத்தட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அது முழுக்க முழுக்கப் புளுகு. சரித்திரத்தில் மூன்று தடவை தோற்றவனுக்குச் சொந்தச் சரக்கில் முதல் வகுப்பு.

வால்டர் ஓவியரை வைத்து யானையை வரையச் சொன்னார். ஐயாயிரம் அட்டை அடித்தார்கள். கடைகளில் "அந்த எலிஃபன்ட் பீர் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திருமூர்த்தி ரூட் ஒன்னில் கார் ஓட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு யானை பின்னால் துரத்திக்கொண்டு வருவது போலவே இருந்தது.

மார்ச் மாதம் வால்டர் கூப்பிட்டார்.

"ஒய்டூகே முடிஞ்சதும் உன்னை எங்கேயாவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே பர்மனென்ட் பண்ணிக்கிறேன். கிரீன் கார்டுக்கும் ஸ்பான்சர் பண்றேன். சரிதானே?"

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. யாமினிக்கு ஜூனில் பிரசவம். ஜனவரி பிறந்தால் கோபோல்காரர்களை யார் சீந்தப் போகிறார்கள் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே பயந்துகொண்டிருந்தார்கள்.

"தேங்க்யூ சார்."

"வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். நீ வேலை பார்த்த இடத்துலேர்ந்தெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். மில், வங்கி... அப்புறம் செயின்ட் ஒஸ்வால்ட்."

கலங்கின கண் அப்படியே உலர்ந்துவிட்டது.

நாகரத்தினத்துக்குப் போன் போட்டான். "சார், அந்த ப்ரூவரியை ரெஸ்யூமேலேர்ந்து எடுத்திருங்க. ஏதோ டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிக்கிறேன்."

"ரெண்டு வருஷத்துக்கு டைப்பிங் மிஸ்டேக்கா? நீ டென்ஷன் ஆகாதே. லெட்டர்தானே, நான் ரெடி பண்றேன்."

ரெடி பண்ணினார். வழவழவென்ற தாளில், மேலே கிரீடம், அதற்குக் கீழே 'செயின்ட் ஒஸ்வால்ட், 1128 முதல்'. ஏதோ ஒரு பாட்டிலைப் பார்த்து வருஷத்தை எழுதியிருக்கிறார். லெட்டரின் அடியில் 'அமெரிக்கத் தொடர்பு அலுவலகம்' என்று ஒரு எடிசன் நம்பர் வேறு.

"நம்பர் எதுக்குங்க?"

"அப்பத்தான் ஜெனுவினா இருக்கும். எவன் போன் பண்ணப் போறான்!"

வால்டர் லெட்டரை இரண்டு முறை படித்தார். பூனைப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை முன்னால் இழுத்தார். ஸ்பீக்கரைப் போட்டு நம்பரைத் தட்டினார்.

"ஹலோ, செயின்ட் ஒஸ்வால்ட் ப்ரூவரி, குட் ஆஃப்டர்நூன்" என்றது ஒரு பெண் குரல்.

திருமூர்த்திக்கு அந்தக் குரல் தெரியும். அது நாகரத்தினத்தின் மனைவி புஷ்பவல்லி ஆன்ட்டி. வேலை கிடைக்கும்வரை கன்சல்டன்சியின் கெஸ்ட் ஹவுசில் இருந்த நாளெல்லாம் அவனுக்குச் சாம்பார் ஊற்றிய குரல்.

"திருமூர்த்தி என்று ஒருவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?"

"யெஸ், யெஸ். வெரி குட் பாய். நோ பேட் ஹேபிட்ஸ். நோ ட்ரிங்கிங்."

"பீர் கம்பெனியில்?"

பதிலுக்கு 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் குக்கர் விசிலடித்தது.

"அது என்ன சத்தம்?"

"பீர் பாயிலிங், சார்."

"ஓ. எவ்வளவு நேரம் கொதிக்கும்?"

"டூ மோர் விசில், சார். தென் ஓவர்."

வால்டர் போனை வைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் மனிதர் நடுங்குகிறார், போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று திருமூர்த்தி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பியபோது வால்டரின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நல்ல கம்பெனி" என்றார் கம்மிய குரலில். "ஏப்ரல்ல நான் பெல்ஜியம் போறேன், டிரு. நீயும் வா. செயின்ட் ஒஸ்வால்டைச் சுத்திக் காட்டு. உன் பழைய மேஜையைப் பார்க்கணும்."

அன்று ராத்திரிச் சாப்பாடு திருமூர்த்திக்கு இறங்கவில்லை. யாமினி தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முழுக் கதையும் வெளியே வந்தது. யானை உட்பட.

"ஏனுங்க, அங்க போயி எந்தக் கட்டடத்தைக் காட்டுவீங்க?"

"ஏதாச்சும் பழைய கட்டடமா ஒண்ணைப் பார்த்து..."

"அதுக்குள்ள இருந்து யாராச்சும் வந்து ஆருன்னு கேட்டா?"

"இடிச்சுட்டாங்கன்னு சொல்லிரலாமா?"

"நாலு மாசத்துல ஒரு ஆனையைப் புடிச்சுட்டு வந்துட்டீங்க. இன்னும் ஒரு கட்டடத்தை வேற இடிக்கோணுமாக்கும்." அவள் குரல் தணிந்தது. "போயி நெசத்தைச் சொல்லிப்போடுங்க. வேலை போனா போகுது. ஊருல போயிப் பொழைச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு, தொட்டில் படம் போட்ட கடை விளம்பரம் ஒன்று மேஜைமேல் கிடந்ததை நான்காக மடித்து டிராயருக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் திருமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது. வால்டரை ஏமாற்றியதைவிட, அந்தத் தாளை அவள் அவ்வளவு பதவிசாக மடித்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே வால்டரின் அறைக்குள் போனான். உட்காரவில்லை.

"சார், நான் செயின்ட் ஒஸ்வால்டில் வேலை பார்த்ததே இல்லை."

"ம்" என்றார் வால்டர், காபியை ஆற்றியபடி.

"பெல்ஜியத்துக்கே போனதில்லை. அந்த லெட்டர் பொய். போனில் பேசியது எங்கள் கன்சல்டன்சிக்காரரின் மனைவி. கொதித்தது துவரம்பருப்பு."

"சரி."

அவ்வளவுதானா? திருமூர்த்திக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான், மனிதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதே சூட்டில் மிச்சத்தையும் இறக்கிவைத்துவிடலாம் என்று பட்டது.

"இன்னொன்று சார். அந்த 1445. அதுவும் நானாகச் சொன்னதுதான்."

காபிக் கோப்பை மேஜையில் 'டொக்' என்று இறங்கியது.

"எது?"

"யானை, சார்."

"யானை கிடையாதா?"

"கிடையாது."

"சந்தை?"

"சந்தை இருக்கிறது. திங்கட்கிழமை திங்கட்கிழமை கூடும். யானைதான் வரவில்லை."

"வெல்லம்?"

"யானை இல்லாமல் வெல்லம் எங்கே சார்..."

வால்டர் எழுந்தேவிட்டார். முகம் பழுத்த மிளகாயாகிவிட்டது. "ஐயாயிரம் அட்டை! மூணு மாகாணம்! பெல்ஜியத்துல இருக்கிற என் அம்மாவுக்குக் கென்ட் நகரத்துக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், அவங்க அதை ஃப்ரேம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காங்க! தொண்ணூறு வயசு கிழவிகிட்ட யானை பொய்னு நான் எப்படிச் சொல்லுவேன்? வெளியே போ!"

திருமூர்த்தி வெளியே வந்தான். கால்கள் நடந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு குடை, மத்தியானத்துக்குத் தயிர்சாத டப்பா, குரூப் ஒன் கைடு ஒன்று, இவைதான் ஆபீசில் அவன் சொத்து. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு முன்மேஜையைத் தாண்டும்போது டோரத்தி கூப்பிட்டாள்.

"டிரு, சொல்லிட்டியா?"

"சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்தது."

"அவர் கத்தினது யானைக்காக. ரெண்டு நாள்ல சரியாயிடும், 'என்று ஒரு கதை உண்டு'ன்னு அட்டையில சேர்த்துக்குவார்." பின்னலை மடியில் வைத்துவிட்டு, டிராயரிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து நீட்டினாள். "இந்தா. போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டார். நீயா வந்து உண்மையைச் சொன்னாத்தான் கொடுக்கணும்னு உத்தரவு."

உள்ளே கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கான கடிதம். வால்டரின் கையெழுத்து. முன் அனுபவம் என்ற இடத்தில் கோயம்புத்தூர் மில் இருந்தது, சென்னை வங்கி இருந்தது. செயின்ட் ஒஸ்வால்ட் என்ற வரியை மட்டும் பேனாவால் பட்டையாக அடித்திருந்தது. மை காய்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

திருமூர்த்தி அடித்த வரியை விரலால் தடவிப் பார்த்தான். "நான் இன்றைக்குத்தானே சொன்னேன்? இதை எப்படி முன்னாலேயே அடித்தார்?"

டோரத்தி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.

"ஒஸ்வால்டுங்கிறது வால்டரோட பூனை, கண்ணு. பொய் ரெஸ்யூமேயைப் பிடிக்கிறதுக்காக அவர் அதை ப்ரூவரின்னு விளம்பரத்துல சேர்த்தார். முப்பத்தெட்டுப் பேர் வந்து அங்கே கேன்டீன் சாப்பாடு எப்படி இருந்ததுன்னுகூடச் சொன்னாங்க, நீ ஒருத்தன்தான் கடைசிவரைக்கும் சிதம்பரத்தை விட்டு வெளியே வரலை."